அரிக்கமேட்டில் நிற்கும் சுவர் யாருடையது?

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்களில் பலர், தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, "ரோமாபுரிக்காரன் கட்டியது" என்கிறார்கள். என் பேரனும் அப்படித்தான் சொன்னான். அது சரியல்ல. ரோமாபுரியோடு வணிகம் செய்த ஊர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தவையெல்லாம் இன்று மண்மூடிக் கிடக்கின்றன. மேலே நிற்கும் சுவருக்கு வயது சுமார் 250தான். அது பிரெஞ்சுப் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் மிச்சம்.

அந்தக் குருமடத்தின் கதை நம் ஊரில் தொடங்கவில்லை. சயாம் தேசத்து அயோத்தியாவில் இருந்தது அது. பர்மியப் படையெடுப்பால் அங்கிருந்து கிளம்பி, வியட்நாம், கம்போடியா எல்லையிலுள்ள ஹாதியென் பக்கம் போனார்கள். அங்கேயும் கொள்ளையர் தாக்கவே, மலாக்கா வழியாக 1770-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். அழைத்து வந்தவர் பிஞோ தெ பெஹேன் என்ற இளம் பாதிரியார். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை.

நகரமோ 1761-இல் ஆங்கிலேயர் இடித்த இடிபாட்டிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. பாதிரியார் நகரை விட்டுத் தள்ளி, வீராம்பட்டினத்துக்கு அருகே, ஆற்றங்கரைத் தனிமையில் இடம் பார்த்தார். சீனா, சயாம், வியட்நாம் பையன்கள் அங்கே தங்கி லத்தீன் படித்தார்கள். ஊர் வேறு, சாப்பாடு வேறு, பேச்சும் வேறு. திரும்பிப் போக வீடு உண்டா என்பதே தெரியாத பிள்ளைகள் அவர்கள்.

இங்கே இருந்த காலத்தில்தான் பிஞோ, வியட்நாமியர் சிலரின் துணையோடு வியட்நாமிய-லத்தீன் அகராதி ஒன்றை 1773-இல் எழுதி முடித்தார். பிற்பாடு 1838-இல் செராம்பூரில் அச்சான தபேர் ஆயரின் அகராதிக்கு அதுவே அடிப்படை. 1774-இல் சாந்தோமில் பிஞோ ஆயராக அபிஷேகம் பெற்றார். குருமடம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1780-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது.

நான் பிரெஞ்சில் படித்தவன். லுவார் நதியின் உபநதிகளை இன்றும் வரிசையாகச் சொல்வேன். சைக்கிளில் போகக்கூடிய தொலைவில் நின்ற இந்தச் சுவரைப் பற்றி வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை. குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, புத்தகங்களைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

ரோமாபுரி என்று சொன்னால்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம். அகதிகளாய் வந்த பிள்ளைகளுக்கு நம் மண் இடம் கொடுத்ததும் பெருமைதான். பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும்போது, கீழே இருப்பது எது, மேலே நிற்பது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். சுவர் ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்துகொண்டிருக்கிறது.