மூன்றாம் நாள்: கே.கே. நகர் கிளினிக்குகளும் ஆன்டிபயாட்டிக் பரிந்துரை ஆய்வும்

இந்தியத் தனியார் மருந்துச் சந்தையில் 2019ஆம் ஆண்டு மிக அதிகமாகப் போன ஆன்டிபயாட்டிக் எது என்று பார்த்தால், அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை முதலில் வருகிறது. மொத்தப் பயன்பாட்டில் அதன் பங்கு 7.6 விழுக்காடு. அடுத்த இடம் செஃபிக்ஸிம் 200க்கு, 6.5 விழுக்காடு. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் ‘கண்காணிப்பு’ வகையில் வைத்திருக்கிறது. குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும் யோசித்துத் தர வேண்டியவை என்று பொருள். 2014 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, செஃபிக்ஸிம் விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அசித்ரோமைசின் அந்த அட்டவணையிலேயே இல்லை. முதலிடத்து மருந்துக்கு மருந்துச்சீட்டு கட்டாயம்தான். ஆனால் அது பதிவேட்டுக்கு வராமலே போய்விடுகிறது.

ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு ஆய்வில் சென்னைக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. ஆன்டிபயாட்டிக்குகளைச் செயலிழக்கவைக்கும் என்டிஎம்-1 (‘நியூ டெல்லி’) நொதி இந்தியத் துணைக்கண்டத்திலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகத்தில் ஆய்வு செய்துவந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள். நொதிக்குத் தலைநகரின் பெயரை வைத்தது சரியா என்ற சண்டையில் பல மாதங்கள் கழிந்தன. 2012 ஆகஸ்டில் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று, மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. குறையற்ற கொள்கைக்குக் காத்திருப்பதைவிட நடத்திக்காட்டக்கூடிய கொள்கை போதும் என்பது அதன் நிலை. நல்ல நிலைதான். ஆனால் தரமணி ஆய்வு கிருமியைப் பார்த்தது, பிரகடனம் சட்டத்தையும் மருத்துவமனையையும் பார்த்தது. மாலை ஏழு மணிக்குத் தெருமுனைக் கிளினிக்கில் நடப்பதை இரண்டுமே ஓரமாகத்தான் தொட்டன.

கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் எழுதப்படுவதை ஆராயச் சென்னை கே.கே. நகரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அசோக் தூணிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் தொழிலாளர் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) மருத்துவமனையும் அதன் மருத்துவக் கல்லூரியும், அரசு புறநகர் மருத்துவமனையும், ஒற்றை மருத்துவர் நடத்தும் கிளினிக்குகளும், எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு மருந்துக் கடைகளும் இருக்கின்றன. ஒரே மழை, ஒரே கொசு, ஒரே காய்ச்சல். பணம் கொடுக்கும் முறை மட்டும் வேறு. இப்படி அமைந்த ஆய்வுக்களம் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

அந்தத் தெருமுனைக் கிளினிக் எப்படியிருக்கும் என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலிகள், கையில் டோக்கன், உள்ளே போனால் சில நிமிடம். “எத்தனை நாளா காய்ச்சல்?” “நேத்து ராத்திரிலேர்ந்து சார்.” “சளி?” “இருக்கு சார். நாளைக்கு வேலைக்குப் போயே ஆகணும், நல்ல பவரா குடுங்க.” சீட்டில் பாராசிட்டமால், அலர்ஜி மாத்திரை, அதன் கீழே ஆன்டிபயாட்டிக். பக்கத்துக் கடையில் ஐந்து நாளுக்கு எழுதியதை “ரெண்டு நாளுக்குப் போதும்” என்று கேட்டு வாங்குவார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருவார். வெட்டும்போது தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையோடு தங்கிவிடும்.

இந்தக் காட்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் மூன்று: மக்களின் அறியாமை, கடைக்காரரின் லாபம், மருத்துவரின் சோம்பல். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) சுஜித் சாண்டி குழுவினர் மருத்துவர், மருந்தாளுநர், பொதுமக்கள் ஆகிய மூன்று தரப்பையும் குழுக்களாக உட்காரவைத்துப் பேசி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் எதிர்பார்ப்பு, வணிக நெருக்கடி இவற்றோடு, நோய் இன்னதென்று தெரியாத நிலையும் காரணமாக வருகிறது. அதே குழு வேலூர் வட்டாரத்தில் 52,788 நோயாளிகளைக் கவனித்ததில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டிருந்தது. அவற்றில் கணிசமான பங்கு மூச்சுத்தடத் தொற்றுகளுக்கு. அந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, இந்த மருந்துக்கு அசையாதவை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, நோய் இன்னதென்று தெரியாத நிலை என்ற அந்தக் கடைசிக் காரணத்தை. முதல் நாள் காய்ச்சலில் வைரஸா டைபாய்டா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. டைபாய்டு குறித்த பயமும் வெறும் பயமல்ல: 2017 முதல் 2020 வரை நடந்து, சிஎம்சியின் ஜேக்கப் ஜான் தலைமையில் வெளியான கண்காணிப்பு ஆய்வில், நகர்ப்புறக் களங்களில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 பேருக்கு டைபாய்டு கண்டது. மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்காமல் அந்த நோயாளி திரும்பி வந்தால் மருத்துவருக்குச் சிக்கலே இல்லை; ரத்தப் பரிசோதனை செய்து முடிவெடுப்பார். வருவாரா? வேறு மருத்துவரிடம் போவாரா? வேலையில் சுருண்டு விழுவாரா? வரமாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் மருத்துவர் இன்றைக்கே எழுதிவிடுகிறார். இங்கே ஆன்டிபயாட்டிக், நடக்காமல் போகப்போகும் மறுவருகைக்கான ஈடு. இதுவே என் வாதம். இது சரியென்றால், மருத்துவருக்கு வகுப்பெடுப்பதும் சுவரொட்டி ஒட்டுவதும் நோயின் வேரைத் தொடாது.

திரும்பி வராத நோயாளி என்பது சென்னைக்குப் புதிய ஆய்வுப் பொருளும் இல்லை. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம் (பின்னாளில் சேத்துப்பட்டின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவர்களது நெரிசலான வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டுச் சிகிச்சை சளைத்ததல்ல என்று 1959இல் வெளியான முடிவுகள் உலகத்தையே மாற்றின. அந்த வெற்றிக்குப் பின்னே இருந்த உழைப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு: சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணுவது, சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்ப்பது, வராதவரைத் தேடிப் போவது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் பொறுப்பு நோயாளியின் தலையில் மட்டும் கட்டப்படவில்லை. அமைப்பு அதைத் தானும் சுமந்தது. சாதாரணக் காய்ச்சலுக்கு அவ்வளவு செய்ய முடியாது. ஆனால் ‘கோர்ஸை முடி’ என்ற அறிவுரையோடு கையைக் கழுவிக்கொள்வதற்கும் அதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மறுவருகைதான் சிக்கல் என்றால், நோயாளி கட்டிலிலேயே கிடக்கும் மருத்துவமனையில் பிரச்சினை இருக்கக் கூடாது. ஆனால் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் 20 மருத்துவமனைகளில் 9,652 உள்நோயாளிகளைப் பார்த்தபோது 71.9 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாட்டிக் போய்க்கொண்டிருந்தது. அதில் 55 விழுக்காடு நோய் வராமல் தடுக்கக் கொடுத்தது. இந்தப் பாதியை என் வாதம் விளக்காது என்று ஒப்புக்கொள்கிறேன். அறுவை அரங்கின் சுத்தத்தின் மீதுள்ள நம்பிக்கையின்மை அதில் பேசுகிறது என்று தோன்றுகிறது. இன்னொரு எண்ணைப் பாருங்கள்: கிருமி இன்னதென்று உறுதிசெய்து கொடுத்தது 6 விழுக்காடு மட்டுமே. கட்டிலில் கிடப்பதும் மறுபார்வை பெறுவதும் ஒன்றல்ல. முதல் நாள் எழுதிய ஊசி, காலை ரவுண்ட்ஸில் “கன்டினியூ” என்ற ஒரு சொல்லில் ஐந்தாம் நாள்வரை ஓடிவிடும். சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரிகளுக்கு எழுதிய கடிதம், ஆன்டிபயாட்டிக் எழுதும்போது காரணத்தையும் எழுதச் சொன்னது. முதல் நாளுக்கான காரணத்தோடு மூன்றாம் நாள் தொடர்வதற்கான காரணத்தையும் கேட்டிருக்கலாம்.

சிஎம்சியில் பத்தாண்டுப் பயன்பாட்டை ஆராய்ந்து 2014இல் வெளியான இன்னொரு கட்டுரை இங்கே உதவும். வழிகாட்டிப் புத்தகம் வருமுன் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு மாதாமாதம் ஏறியது. புத்தகம் கைக்கு வந்ததும் ஏற்றம் தணிந்தது. விநியோகம் நின்ற காலத்தில் மறுபடி கொஞ்சம் வேகம் பிடித்தது. திருத்திய வழிகாட்டி உள்வலையில் கணினியிலேயே கிடைத்தபோது நன்றாக இறங்கியது. மருத்துவரின் அறிவு அந்தப் பத்தாண்டில் ஏறி இறங்கியிருக்காது. கைக்கெட்டும் தூரம்தான் மாறியது.

பிரிட்டனில் அதிகம் எழுதும் 20 விழுக்காட்டு மருத்துவகங்களுக்குத் தலைமை மருத்துவ அதிகாரி ஒரு கடிதம் அனுப்பியதிலேயே பரிந்துரை 3.3 விழுக்காடு குறைந்தது. அதை இங்கே நகலெடுக்க முடியாது. யார் எவ்வளவு எழுதுகிறார் என்ற கணக்கே தனியார் கிளினிக்குகளுக்கு இல்லை. ‘இரண்டு நாள் பார்த்துவிட்டு வாங்கு’ என்று அங்கே தரும் தாமதச் சீட்டும் இங்கே தேறாது. சீட்டு கையில் இருந்தால் அன்றிரவே மாத்திரை வீட்டில் இருக்கும். அடுத்த வருடக் காய்ச்சலுக்கும் அதே சீட்டு அலமாரியிலிருந்து இறங்கும்.

அப்படியானால் கே.கே. நகரில் எதை அளப்பது? நூறு சீட்டில் எத்தனையில் ஆன்டிபயாட்டிக் என்று எண்ணுவதோடு நிற்காமல், மூன்றாம் நாள் மருத்துவருக்கும் நோயாளிக்கும் தொடர்பு ஏற்பட்டதா என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். இங்கேதான் இ.எஸ்.ஐ. தனித்து நிற்கிறது. மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் பெறும், காப்பீடு பெற்ற தொழிலாளருக்கு, நோய்க்கால உதவித்தொகையாகக் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், சான்றுக்காகத் திரும்பி வந்தாக வேண்டும். மறுவருகைக்குப் பணம் கிடைக்கும் இடம் அது. பக்கத்து எம்.ஜி.ஆர். நகரிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவருக்கு மறுவருகை என்பது இன்னொரு நாள் கூலி இழப்பு. ஒரே வகைக் காய்ச்சலோடு வரும் இந்த இருவரின் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டிலும் ஒரே அளவு ஆன்டிபயாட்டிக் இருந்தால் நான் சொன்னது தவறு.

வாதம் நின்றால் அடுத்த கட்டத்துக்குப் பெரிய செலவில்லை. சில கிளினிக்குகளில் முதல் நாள் ஆன்டிபயாட்டிக் எழுதாமல், தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் வரவேற்பில் இருக்கும் பெண் கூப்பிட்டுக் கேட்கட்டும்: “காய்ச்சல் விட்டுச்சா? விடலைன்னா சாயங்காலம் வாங்க, ஃபீஸ் வேண்டாம்.” மற்ற கிளினிக்குகள் வழக்கம்போல நடக்கட்டும். டைபாய்டு தவறவிடப்பட்டதா என்பதையும் கூடவே கண்காணிக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. அழைப்பு சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு போக வேண்டும் என்பது மட்டும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டிய விவரம். பகலில் சாரத்தின் மேல் நிற்கிறவர் போனை எடுக்கமாட்டார்.