தோள்சீலைப் போராட்டமும் தென்திருவிதாங்கூர்த் திருச்சபையும்

தோள்சீலைப் போராட்டம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென்திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை மூன்று கட்டங்களாக நடந்தது. மேல்சாதியார் முன்னால் நாடார் முதலிய சாதிகளின் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கமே இதற்குக் காரணம். பெண்கள் மேல் விழுந்த அடிக்குத் திருச்சபை என்ன செய்தது என்று கேட்பவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜெர்மானியப் போதகர் ரிங்கல்தௌபே 1806இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து, பக்கத்து ஊரான மயிலாடியில் இலண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் (மேற்சட்டை) அணியலாம் என்று 1814இல் திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ உத்தரவிட்டார். மேல்சாதி நாயர் பெண்களைப் போலத் தோளை மூடும் தோள்சீலை போட அனுமதி இல்லை.

பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் சீலையும் போட்டார்கள். 1822இல் கல்குளம் வட்டாரத்தில் மேல்சாதியார் அவர்களைப் பொது இடங்களில் அடித்து ஆடையைக் கிழித்தார்கள். இலண்டன் மிஷன் போதகர் மீட் பத்மநாபபுரம் நீதிமன்றத்தை நாடினார். 1823இல் தீர்ப்பு பெண்கள் பக்கம் வந்தது. ஆனால் அடுத்த கலவரத்தில் ஜெபவீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் ராணி கௌரி பார்வதி பாயி வெளியிட்ட பிரகடனம், குப்பாயம் போதும், தோள்சீலை கூடாது என்று பழைய கோட்டையே திரும்பக் கிழித்தது. மூன்றாம் கலவரத்துக்குப் பின் சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கவே, 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்க இசைந்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்த விடவில்லை.

மிஷனரிகளின் வாதம் பெரும்பாலும் கிறிஸ்தவ அடக்கத்தைப் பற்றியது. பெண்ணின் உரிமையைப் பற்றியதல்ல. அந்த உரிமையைத் தெருவில் இறங்கிக் கேட்டவர்கள் சீலை போட்ட பெண்களே. மிஷனின் வேறொரு வேலை ஓசையில்லாமல் பலன் தந்தது: போதகர் மால்ட்டின் மனைவி நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னலின் கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள்.

வெளியார் அடித்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோன சபைகள், வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றிப் பொதுவில் பேச இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டன. இலண்டன் மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. அந்தப் பேச்சு வந்தது அதற்கும் பிறகுதான்: உலகத் திருச்சபைகள் மன்றம் 1988 முதல் 1998 வரை பெண்களோடு தோழமை கொள்ளும் பத்தாண்டைக் கடைப்பிடித்தது. அதன் தூதுக்குழுக்கள் நாடு நாடாகப் போய்க் கேட்டபோது, சபைக் குடும்பங்களிலும் சபைக்குள்ளும் நடக்கும் வன்முறையைப் பெண்களே வாய்விட்டுச் சொன்னார்கள். கத்தோலிக்கர் பக்கத்தில், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பாலினக் கொள்கையை 2010இல் வெளியிட்டது.