கணக்கில் சேராத நாட்கள்

ஒரு சிறு கணக்கோடு என் பேச்சைத் தொடங்குகிறேன். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு ஒருவன் கைதாகிறான். ஜாமீன் கொடுக்க ஆளில்லை. வழக்கு முடிய ஒன்றரை ஆண்டு ஆகிறது. நீதிபதி ஓராண்டுச் சிறைவாசம் விதிக்கிறார். அவன் மொத்தம் எத்தனை மாதம் சிறையில் இருப்பான்? பள்ளிச் சிறுவனைக் கேட்டால், பதினெட்டு மாதம் கழிந்துவிட்டதே, அன்றே அவன் வீட்டுக்குப் போகலாம் என்பான். 1898ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின்படி விடை முப்பது மாதம். தீர்ப்பு நாளில்தான் தண்டனை பிறக்கிறது. அதற்கு முன் கழிந்தது வெறும் காவலே என்பது அச்சட்டத்தின் கொள்கை.

ஏட்டளவில் இதில் பிழை காண்பது எளிதன்று. குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன் எவனையும் தண்டிக்கலாகாது. ஆகவே விசாரணைக் காலச் சிறைவாசம் தண்டனையாகாது. ஆனால் கதவும் பூட்டும் கம்பியும் ஒன்றே அல்லவா? வசதியுள்ளவன் ஜாமீனில் வெளிவந்து, வீட்டிலிருந்தபடியே வழக்கை நடத்துவான். அதே ஓராண்டுத் தண்டனை கிடைத்தால் பன்னிரண்டு மாதத்தோடு அவன் கணக்கு முடியும். ஏழை கழித்த பதினெட்டு மாதம் அவன் வறுமைக்கு விதித்த தண்டனையே என்பது என் கருத்து. இரக்கமுள்ள நீதிபதிகள் சிலர் அந்நாட்களை மனத்திற்கொண்டு தண்டனையைக் குறைத்ததுண்டு. எனினும் அது கருணை. கைதி கேட்டுப் பெறும் உரிமையன்று.

பிரான்சு தேசம் 1892லேயே இந்நாட்களைத் தண்டனையில் கழிக்கச் சட்டம் செய்தது. இங்கிலாந்து 1967இல் செய்தது. நம் நாட்டுப் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டத்தை ஆராய்ந்த பார்லிமெண்டுக் கூட்டுக் குழு, சிலர் விசாரணைக் கைதிகளாகக் கழித்த காலம், பின்னர் பெற்ற தண்டனைக் காலத்தையே விஞ்சிவிடுவதைக் கண்டது. அதன் பயனாக 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 428ஆம் பிரிவு இடம்பெற்று, 1974 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே வழக்கின் புலன்விசாரணையிலும் விசாரணையிலும் காவலில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்றது அப்பிரிவு.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. முன்னரே தண்டனை பெற்று உள்ளே இருப்பவர்களின் கதி என்ன? டில்லித் திகார் சிறையிலிருந்த ஒரு கைதி சுப்ரீம் கோர்ட்டை நாடினார். புதிய சட்டம் தீர்ப்பான பழைய வழக்குகளைத் தொடாது என்பது எதிர்வாதம். நீதிபதி பகவதி அதை ஏற்கவில்லை. தண்டனை பெற்றவன் இன்னும் அதை அனுபவித்துக்கொண்டிருந்தால் போதும், தீர்ப்பு என்று வந்தது என்பது பொருட்டன்று என்றார். ஒரு கைதியின் மனுவால் நாடெங்கும் எத்தனையோ பேருக்குக் கதவு திறந்தது.

ஆயுள் கைதிகளின் வழக்கு இன்னும் சுவையானது. இச்சட்டம் குறிப்பிட்ட ‘காலம்’ விதிக்கப்பட்ட தண்டனையைப் பற்றியே பேசுகிறது. ஆயுளுக்குக் காலவரை ஏது என்று 1982இல் சுப்ரீம் கோர்ட்டு கையை விரித்தது. ஆயுளிலிருந்து இரண்டு ஆண்டைக் கழித்தால் மீதி எவ்வளவு என்று எந்தக் கணக்கு வாத்தியாராலும் சொல்ல முடியாதுதான்! ஆனால் 1985இல் தலைமை நீதிபதி சந்திரசூட்டை உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் அக்கருத்தை மாற்றினர். ஆயுளும் ஒரு காலமே. அரசாங்கம் தண்டனையைக் குறைக்க உத்தரவிடும்போது இந்நாட்களும் கணக்கில் சேரும் என்றனர். கொடிய குற்றத்துக்கு நீண்ட தண்டனை. நீண்ட தண்டனைக்கே இக்கழிவு அதிகம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

எல்லாக் கதவும் திறக்கவில்லை. தடுப்புக்காவலில் கழித்த நாட்கள் சேரா என்று 1977இல் தீர்ப்பாயிற்று. அபராதம் கட்டத் தவறியதற்கான சிறைவாசத்தில் கழிவு இல்லை என்று 1978ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிவிட்டது. பணமில்லாதவனையே இதுவும் பிடிக்கிறது! 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 468ஆம் பிரிவில் இவ்விதி தொடர்கிறது.

தீர்ப்போடு இந்நாட்களைக் குறித்துச் சிறைக்கு அனுப்பும் பத்திரம் ஒன்றை நான் ஒருமுறை பார்த்தேன். கைதான தேதி, ஜாமீனில் வந்த தேதி, மொத்த நாட்கள், நீதிபதியின் கையொப்பம். அரைப் பக்கம்கூட இல்லை.