செஞ்சி வரலாறும் செல்லரித்த காகிதமும்

திருக்கோயில் பழுதுற்றவிடத்து இறைவனைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, கல்லையும் சுதையையும் செப்பனிட்டுப் பின்னர்க் குடமுழுக்கு ஆற்றுவது நம் முன்னோர் வகுத்த முறை. இதனையொத்த சீரணோத்தாரணம் ஒன்று, ஏறக்குறைய 190 ஆண்டுகட்கு முன், தென்னாட்டு வரலாற்றுக் காகிதங்கட்கும் நிகழ்ந்தது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து அன்பர்கள் அதனை அறிதல் தகும்.

சோழர் காலத்துக் கொடைகளைக் கல் காத்தது. பிற்காலத்துச் செய்திகளுட் பல காகிதத்தையே நம்பி நின்றன. திண்டிவனத்திற்கு மேற்கேயுள்ள செஞ்சியை 1677இல் சிவாஜி கைக்கொண்டதும், 1698இல் அக்கோட்டை மொகலாயர் வசமானதும், 1714இல் தேசிங்குராசன் களத்தில் வீழ்ந்ததும் பலரும் கேட்டறிந்தவை. இந்நாட்டு அரசர் வரலாற்றைத் தமிழ் உரைநடையில் தொடர்ச்சியாக எழுதியவர் நாராயணப் பிள்ளை என்பார். மக்லியாட் என்னும் கும்பினி அதிகாரியின் விருப்பத்திற்கிணங்க, 1803ஆம் ஆண்டளவில் அவர் இயற்றியதே 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்'. தேசிங்கின் பெயரைக் கதைப்பாடல் காத்தது. நாராயணப் பிள்ளையின் பெயரை எத்துணைப் பேர் அறிவர்?

இத்தகைய சுவடிகளைத் தென்னாடெங்கும் திரட்டியவர், 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக அமர்ந்த காலின் மெக்கன்சி. அவர் 1821இல் மறைந்தபின், தென்மொழிச் சுவடிகள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. 1830களில் வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியார் அவற்றை ஆராயப் புகுந்தபோது, பூச்சி அரித்தும் மை மங்கியும் பல காகிதங்கள் அழியும் நிலையிற் கிடந்தன. அவர் பட்டியல் எழுதுவதோடு அமையாது, நலிந்தவற்றைப் புதிய தாள்களிற் பெயர்த்தெழுதச் செய்து தொகுதிகளாக்கினார். சமயத்தால் வேறானவரேனும், நம் தலபுராணங்களும் ஊர் வரலாறுகளும் அவருக்குக் கடன்பட்டவை. நாராயணப் பிள்ளையின் நூல், 1869இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக, 1952இல் அச்சேறியது.

பெயர்த்தெழுதினால் செய்தி பிழைக்கும். எழுதியவர் கையும் முத்திரையும் மூலத்தோடு போம். ஆதலின் இக்காலத்து அருங்காட்சியகத்தார் மூலத்தையே காக்கின்றனர். மென்தூரிகையால் தூசு நீக்கி, மை நீரிற் கரையுமா என ஒரு மூலையிற் சோதிப்பர். கரையாதாயின், சுண்ணச்சத்துக் கலந்த நீரில் நனைத்துப் புளிப்பை அகற்றுவர். காகிதத்தை உள்ளிருந்தே நொறுங்கச் செய்வது அப்புளிப்பே. பின்னர் மெல்லிய சப்பானியத் தாளையோ பட்டுச் சிபான் துணியையோ மாப்பசையால் ஒட்டி வலுவூட்டுவர். மாப்பசை ஏனெனின், வேண்டுங்கால் நீரால் நெகிழ்த்து எடுத்துவிடலாம், மூலத்திற்கு ஊறில்லை. கருங்கற் சுவரில் மணல் பீய்ச்சிக் கல்வெட்டை மழுக்கிய திருப்பணிகளைக் கண்டோர்க்கு இந்நெறியின் அருமை விளங்கும்.

கட்டளைதாரர் இல்லங்களில் மானியப் பத்திரங்களும் பழங்கணக்குகளும் இன்றும் இருத்தல் கூடும். கிழிந்தவிடத்துப் பசைநாடா ஒட்டற்க. நெகிழியிட்டு வெப்பத்தால் மூடுதலும் கேடே. மடிப்பை மெல்ல விரித்து, புளிப்பற்ற தாளுறையில் இட்டு, ஈரமும் வெயிலும் படாவிடத்து வைக்க. ஒளிப்படம் எடுத்து ஒரு படியைத் திருக்கோயில் அலுவலகத்திற் சேர்ப்பிக்க. விளக்கெரிக்க விட்ட நிலத்தின் நான்கெல்லையும் அத்தாள் ஒன்றில் மட்டுமே எழுதப்பட்டிருக்கலாம்.