சேஞ்ச் அலியில் விலை பேசிய காலம்

பொன்விழா மலருக்கு வணிக வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். முத்து, குதிரை, மரக்கலம் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் துணி வியாபாரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் பட்டயம் வாங்கியதோடு என் படிப்பு முடிந்தது. எனக்குத் தெரிந்தது விலை பேசுவது. ஆகவே வெளிநாட்டுப் பயணிகள் நம்மவர்களிடம் பேரம் பேசிப் பொருள் வாங்கிய ஒரு சந்தைப் பற்றி எழுதுகிறேன். நமது சங்கம் தொடங்கியபோது அந்தச் சந்து உயிரோடு இருந்தது.

அதன் பெயர் சேஞ்ச் அலி. ஊருக்குப் புதியவர்கள் இது யாரோ ஓர் அலியின் பெயர் என்று நினைப்பதுண்டு. லண்டன் நகரில் பங்குத் தரகர்கள் கூடிய ஒரு சந்தின் பெயரைத்தான் ஆங்கிலேயர் இங்கே வைத்தார்கள். ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் கோலியர் கீ கடலோரச் சாலைக்கும் நடுவே, இரண்டு பெரிய கட்டடங்களுக்கு இடையில் ஓடிய குறுகலான பாதை அது. கடைகள் இல்லாதிருந்தால் ஓரிரு நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். கடைகள் இருந்ததால் யாரும் அப்படிக் கடந்ததில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் கிளிஃபர்ட் பியர் படகுத்துறை. அது திறக்கப்பட்டது 1933இல். பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். மாலுமிகளும் பயணிகளும் சிறு படகுகளில் துறைக்கு வருவார்கள். சாலையைக் கடந்தால் எதிரே சந்தின் வாய். சிங்கப்பூரில் அவர்கள் கால் வைக்கும் முதல் கடைத்தெரு பெரும்பாலும் அதுதான். கையில் பவுன், டாலர், ரூபாய் என்று ஏதோ ஒரு நாட்டுப் பணம் இருக்கும். வெள்ளி இருக்காது. அதனால் சந்தின் முனையிலேயே பணமாற்று வணிகர்கள் நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம்கள். சிலருக்குக் கடை என்று ஒன்று கிடையாது. சட்டைப் பையும் ஒரு தோல்பையும்தான் கடை.

சந்து முழுவதும் நம்மவர்களுடையது என்று சொன்னால் அது பெருமைக்காகச் சொல்வதாகிவிடும். சீனர்கள், மலாய்க்காரர்கள், வட இந்திய வணிகர்கள் எல்லாரும் இருந்தார்கள். பாத்திக் துணி, கைக்கடிகாரம், பேனா, தோல்பை, பொம்மை, மீன்பிடிச் சாமான் என்று கப்பல்காரருக்குப் பிடித்தவை எல்லாம் தொங்கின. என் நன்னா இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்து, உறவினர் ஒருவரின் துணிக்கடையில் கடைப்பையனாக நின்று தொழில் பழகியவர். நான் அந்தச் சந்தைக் கண்ணால் பார்த்து நினைவு வைத்திருக்கும் வயதுடையவன் அல்லன். அங்கே பேரம் நடந்த விதம் அவர் சொல்லி எனக்குத் தெரியும்.

பொருளைத் தூரத்தில் காட்டி விலை சொல்லக்கூடாது; வருபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கையில் வாங்கியவர் திருப்பித் தரக் கூச்சப்படுவார். விலையை வாயால் சொல்வதைவிடச் சிகரெட் பெட்டியின் பின்புறம் எழுதிக் காட்டுவது நல்லது, ஏனென்றால் எதிரே நிற்பவர் ஆங்கிலேயராகவும் இருக்கலாம், கிரேக்கராகவும் இருக்கலாம். கடைக்காரர் 20 வெள்ளி என்று எழுதுவார். வந்தவர் அதை அடித்துவிட்டு 5 என்று எழுதுவார். இருவரும் சிரிப்பார்கள். 15, 7, 12 என்று போய், வாடிக்கையாளர் நடக்கத் தொடங்கும்போது ஒரு விலை வரும். அதற்கு நன்னா வைத்த பெயர் ‘முதுகு விலை’. அதற்குக் கீழே இறங்கினால் கட்டுபடியாகாது. காலையில் முதல் ஆள் என்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். போணி ஆகவேண்டுமே!

இதில் ஒரு கட்டுப்பாடும் இருந்ததாக அவர் சொல்வார். பக்கத்துக் கடையில் நிற்கும் வாடிக்கையாளரை, அவர் அங்கிருந்து நகரும்வரை, கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்களிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

பேரம் பேசும் கடையில் விலைச்சீட்டு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருந்தது. அதை வாடிக்கையாளரால் படிக்க முடியாது, அவ்வளவுதான். பத்து வெவ்வேறு எழுத்துகள் உள்ள ஒரு சொல்லை எடுத்து, ஒன்று முதல் பூஜ்யம் வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எழுத்தை வைத்துக்கொள்வார்கள். பொருளின் அசல் விலை அந்த எழுத்துகளில் சீட்டில் இருக்கும். கடைப்பையன் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் எதுவரை இறங்கலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பல நாட்டு வணிகர்களும் கையாண்ட முறைதான் இது. எங்கள் குடும்பத்துச் சொல் இன்றும் எங்கள் கடையில் புழக்கத்தில் இருப்பதால் அதை இங்கே எழுதவில்லை.

இப்போது சந்தின் மறுமுனைக்கு வாருங்கள். அங்கே ராஃபிள்ஸ் பிளேஸ். ஒரு சதுக்கம், அதைச் சுற்றி 1858இல் தொடங்கிய ராபின்சன்ஸ், ஜான் லிட்டில் போன்ற பெரிய அங்காடிகள். அங்கே விலை அச்சிட்டு ஒட்டியிருக்கும். குறைக்கச் சொல்லிக் கேட்பது நாகரிகம் இல்லை. ஒரே மனிதர் காலையில் அங்கே சீட்டில் உள்ள விலையைக் கொடுத்துவிட்டு, சில அடி நடந்து வந்து சந்தில் அரை வெள்ளிக்காகக் கால் மணி நேரம் வாதாடுவார்.

நிலையான விலை நேர்மையானது, பேரம் பழைய காலத்துத் தந்திரம் என்று பள்ளியிலேயே நமக்கு ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான கடைகளில் பேரம்தான். 1846இல் நியூயார்க்கில் ஸ்டூவர்ட் என்ற வணிகர் கட்டிய பெரிய துணி அங்காடியும், 1852க்குப் பின் பாரிஸில் வளர்ந்த போன் மார்ஷேவும்தான் ஒரே விலை என்ற முறையைப் பரப்பிய முன்னோடிகளில் முக்கியமானவை. காரணம் எளிது. நூற்றுக்கணக்கான சம்பளக்காரர்களை வைத்து நடத்தும் கடையில் ஒவ்வொருவரையும் பேரம் பேச விட்டால் முதலாளிக்குக் கணக்கு நிற்காது. சொந்தக் கடையில் முதலாளியே நிற்கிறார். அசல் அவருக்குத் தெரியும், இன்றைய வாடகையும் தெரியும், நாளை கப்பல் வருமா என்பதும் தெரியும். கடை பெரிதானதால் வந்த முறையை நேர்மையின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், இந்தியக் கடற்கரைத் துறைமுகங்களில் மொழி தெரியாத வணிகர்கள் விலை பேசியதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களில் 1413 முதல் சேர்ந்துகொண்ட மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், ஒரு சீன முஸ்லிம். கோழிக்கோட்டில் கப்பல் சரக்குக்கு விலை பேசிய முறையை அவர் எழுதி வைத்திருக்கிறார். அதிகாரிகளும் செட்டிகளும் சீனரும் கூடி விலை பேசுவார்கள். முடிந்ததும் கையோடு கை சேர்ப்பார்கள். பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பின்வாங்குவதில்லை. பேச்சு முடிய ஒன்று முதல் மூன்று மாதங்கள்கூட ஆகுமாம். அடுத்த நூற்றாண்டில் அதே ஊருக்கு வந்த இத்தாலியப் பயணி வர்த்தேமா, தரகர்கள் துணிக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசியதைக் குறித்திருக்கிறார். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் இன்றும் நடப்பது அதுவே. கூட்டத்துக்கு நடுவே விலை பேசினாலும் மூன்றாமவருக்குத் தெரியாது. சிகரெட் பெட்டிக்கு இந்த நாகரிகம் இல்லை, ஆனால் வேலை அதே வேலை.

இவ்வளவும் சொன்ன பிறகு, சேஞ்ச் அலிக்கு இருந்த கெட்ட பெயரையும் பேசியாக வேண்டும். போலிப் பேனாவைப் பேர்பெற்ற பேனா என்று விற்றவர்கள் அங்கே இருந்தார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பொருளை மாற்றிச் சொல்வது பொய். குறையை மறைப்பதும் அப்படியே. விலையைக் கூட்டிச் சொல்வது மட்டும் வேறு கணக்கு. பேரம் பேசி விற்பதை ஃபிக்ஹு நூல்கள் முஸாவமா என்ற பெயரில் அனுமதிக்கின்றன. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிக் கேட்பதும், ஒருவர் முடித்துக்கொண்டிருக்கும் வியாபாரத்தில் மற்றொருவர் நுழைவதும் தடுக்கப்பட்டவை. நன்னா சொன்ன பக்கத்துக் கடைக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

சிக்கல் இன்னோர் இடத்தில் இருக்கிறது. ஊருக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்து, சந்தை விலை அவர்களுக்குத் தெரியும்முன் சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். படகிலிருந்து இறங்கும் மாலுமியும் சந்தை விலை தெரியாதவர்தானே. விற்க வந்தவர் அல்லர், வாங்க வந்தவர், அவ்வளவே வேறுபாடு. விலையும் தெரியாமல், பேரம் பேசவும் அறியாமல் விற்பவரை நம்பி வாங்குபவரை முஸ்தர்ஸில் என்பார்கள். அவரிடம் அளவுக்கு மீறி வாங்கிவிட்டால், வியாபாரத்தை முறிக்கும் உரிமையை ஹன்பலி மத்ஹப் அவருக்குக் கொடுக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபுகளில் இந்தச் சட்டம் இவ்வளவு விரிவாக இல்லை. என் கருத்து, ஐந்து வெள்ளி என்று அடித்து எழுதத் தெரிந்தவரிடம் இருபது கேட்டதில் தவறில்லை. சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்த புதியவரிடம் இருபதையும் வாங்கிக்கொண்டது சரியில்லை. ஒரு பயணி பேரமே பேசாமல் பணத்தை நீட்டினால், கேட்காமலே இரண்டு வெள்ளியைத் திருப்பித் தந்தவர்களும் அந்தச் சந்தில் இருந்ததாக நன்னா சொல்வார். எல்லாரும் அப்படி இருந்ததாக அவர் சொன்னதில்லை.

சந்து தேய்ந்ததற்குப் பேரம் காரணமல்ல. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு பவுனுக்கு ஏறத்தாழ 8 வெள்ளி 57 காசு. அதன்பின் புதிய சிங்கப்பூர் வெள்ளியில் 7 வெள்ளி 35 காசு. மாலுமியின் வாங்கும் சக்தியில் ஏழில் ஒரு பங்கு ஒரே இரவில் போயிற்று. பழைய நோட்டுகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வெள்ளிக்கு 85 காசுதான் என்றாயிற்று. நோட்டையே சரக்காக வைத்திருக்கும் பணமாற்று வணிகருக்கு அது என்ன அடி என்று சொல்ல வேண்டியதில்லை. 1971இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. 1972 நவம்பரில் ராபின்சன்ஸ் தீயில் எரிந்து 9 பேர் இறந்தனர்; அங்காடி ராஃபிள்ஸ் பிளேஸை விட்டுப் போனது. அடுத்த ஆண்டு சாலைக்கு மேலே பாலம்போலக் கட்டிய கடைத்தொகுதி ஒன்று சந்தைப் படகுத்துறையோடு இணைத்தது. ஆனால் பயணிகள் அதற்குள் விமானத்தில் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் இறங்கிய இடம் ஆர்ச்சர்ட் சாலை. 1989 ஏப்ரல் 30ஆம் தேதி பழைய சந்து மூடப்பட்டது. பிறகு எழுந்த உயரக் கட்டடங்களுக்கு இடையே அதே பெயரில் குளிரூட்டப்பட்ட கடைவழி ஒன்று வந்தது.

இன்று நாம் அந்த மாலுமியின் இடத்தில் நிற்கிறோம். சரக்கு எடுக்க நான் ஜக்கார்த்தாவின் தானா அபாங் சந்தைக்குப் போவதுண்டு. 1735இல் தொடங்கிய சந்தை. தென்கிழக்காசியாவில் துணிக்கு அதுபோல் பெரிய சந்தை வேறில்லை. அங்கே மொத்த விலை ‘கோடி’ கணக்கில் சொல்வார்கள். ஒரு கோடி என்றால் 20 உருப்படி. நான் கேட்கும் விலைக்கு அங்குள்ள அம்மா தலையை ஆட்டி, ‘பெலும் பாலிக் மொடால்’ என்பார். போட்ட முதலே இன்னும் திரும்பவில்லை என்று பொருள். அந்த மொடால் நமது ‘முதல்’தான், மலாய் மொழியில் உள்ள ‘கெடாய்’ நமது ‘கடை’. காலையில் முதல் ஆளாகப் போனால் அவர் விலை இறக்குவார், வாங்கிய பணத்தால் மற்றத் துணிகளைத் தட்டிவிடுவார். அதற்குப் ‘பெங்லாரிஸ்’ என்று பெயர். நம் போணியேதான். ஒரு நாள் நான் நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒரு விலை வந்தது. முதுகு விலை என்பது எனக்குத் தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சேஞ்ச் அலியில் மிஞ்சியது பணமாற்றுத் தொழில்தான். 1909இல் அல்காஃப் குடும்பத்தார் கட்டிய ஆர்கேடு 1978இல் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் எழுந்த புதிய ஆர்கேடு கட்டடத்தில் நம்மவர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கடையிலும் மின்பலகையில் விகிதம் ஓடுகிறது. ஆனால் உம்ராவுக்குப் போகும் குடும்பம் பத்துப் பேருக்குச் சேர்த்து ரியால் வாங்க வந்தால், யாரும் பலகையைப் பார்த்து அப்படியே பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. ‘பாய், கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்கிறார்கள். உள்ளே இருப்பவர் கணக்கீட்டுக் கருவியில் ஓர் எண்ணைத் தட்டி, கண்ணாடிப் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்.