வீட்டு இன்டர்நெட்டை தோட்டத்துக்கு கொண்டு போகணுமா? ஆன்டெனா பொருத்தும் முன் இதைப் படிங்க!

வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்து மோட்டார் ரூமில் சிசிடிவி கேமரா ஓட வேண்டும். அவ்வளவு தூரம் கேபிள் இழுப்பது கஷ்டம். இதற்காக பலர் வாங்குவது, இரண்டு முனையிலும் மாட்டும் 'வயர்லெஸ் பிரிட்ஜ்' ஆன்டெனா. ஆனால் மாட்டிய பிறகு "சிக்னல் விட்டு விட்டு வருதே" என்ற புலம்பல்தான் மிச்சம். பல நேரங்களில் கோளாறு கருவியில் இல்லை, பொருத்திய விதத்தில்தான்.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா?

போதாது. ரேடியோ அலைகளுக்கு நூல் பிடித்தது போன்ற நேர்கோடு மட்டும் போதாது. நடுவில் வெள்ளரிக்காய் போல பருத்த பாதை தேவை. இதன் பெயர் 'ஃபிரெனல் மண்டலம்'. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 500 மீட்டர் தூரத்துக்கு, நடுப்பகுதியில் அந்தக் கோட்டைச் சுற்றி சுமார் 2.5 மீட்டர் வரை இது பரவும். அதில் 60 சதவீதம், அதாவது 1.5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அதற்குள் தென்னை மட்டை ஆடினால் சிக்னலும் ஆடும். மரம் வளரும் என்பதையும் கணக்கில் வைக்கணும்.

திசை பிடிப்பது எப்படி?

* முதலில் இரண்டு ஆன்டெனாவையும் கண் பார்வையில் நேருக்கு நேர் வைக்கவும். ஒன்று நிமிர்ந்தும் மற்றொன்று படுத்தும் இருக்கக் கூடாது.
* ஒரு முனையை அசைக்கும்போது மறுமுனையைத் தொடக்கூடாது.
* இடவலமாக மெதுவாகத் திருப்பி, பிறகு மேல்கீழாக சரி செய்யவும். ஒவ்வொரு அசைவுக்கும் சில விநாடிகள் காத்திருந்து அளவைப் பார்க்கவும்.
* சிக்னல் கொஞ்சம் ஏறியதும் நட்டை முடுக்கிவிட வேண்டாம். ஆன்டெனாவின் பக்கவாட்டிலும் பலவீனமான சிக்னல் கிடைக்கும். இரு பக்கமும் நன்றாகத் திருப்பிப் பார்த்தால்தான் உண்மையான உச்சம் தெரியும்.

எவ்வளவு சிக்னல் நல்லது?

அளவு மைனஸில் காட்டும். மைனஸ் 50 முதல் 65 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 60 என்பது மைனஸ் 70-ஐ விட 10 மடங்கு பலம். மைனஸ் 80-ஐ நெருங்கினால் இணைப்பு தடுமாறும்.

கேபிளில் கவனம்

ஆன்டெனாவுக்கு டேட்டா, மின்சாரம் இரண்டுமே ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும். இதன் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வெயில் தாங்கும் அவுட்டோர் கேபிளே நல்லது. கருவியுடன் வந்த அடாப்டரையே பயன்படுத்தணும். வோல்டேஜ் மாறினால் கருவி எரியலாம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சற்று தொங்கவிட்டால் மழைநீர் உள்ளே வராமல் கீழே சொட்டிவிடும்.

உயிர் முக்கியம்

இரும்புக் கம்பத்தைத் தூக்கும்போது மின்கம்பியில் பட்டால் உயிரே போகும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில்தான் நட வேண்டும். தனியாக மாடி ஏறாதீங்க. மழை, இடி நேரத்தில் வேலையே வேண்டாம். கம்பத்துக்கு எர்த்திங்கும், கேபிளுக்கு சர்ஜ் ப்ரொடெக்டரும் அவசியம். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே பாதுகாப்பு.