பிபி மாத்திரையால் தீராத வயிற்றுப்போக்கு? 30 கோடி டாலரில் முடிந்த 'பெனிகார்' வழக்குகள்: முழு விவரம்

ரத்த அழுத்தத்தைக் குறைக்க சாப்பிட்ட மாத்திரை, குடலைப் பதம் பார்த்தது என்று அமெரிக்காவில் சுமார் 2,300 பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த மாத்திரையின் பெயர் பெனிகார். என்ன நடந்தது?

பெனிகார் என்றால் என்ன?

ஓல்மெசார்டன் என்ற மருந்தின் அமெரிக்க பிராண்ட் பெயர்தான் பெனிகார். ஜப்பானின் டாய்ச்சி சான்க்யோ நிறுவனத்தின் தயாரிப்பு. 2002-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. ரத்தக்குழாய்களைச் சுருங்க விடாமல் தடுத்து பிபியைக் குறைப்பது இதன் வேலை.

பிரச்சனை எப்படி வெளியே வந்தது?

2012-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 22 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லோருக்கும் நாள்பட்ட வயிற்றுப்போக்கு, எடை இழப்பு. எல்லோரும் ஓல்மெசார்டன் சாப்பிட்டவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் குணமானார்கள்.

சிறுகுடலின் உள்சுவரில் விரல் மாதிரி நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் சத்துகளை உறிஞ்சுகின்றன. இந்தப் பாதிப்பில் அவை தேய்ந்துபோகின்றன. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயிலும் இதே நிலைதான். அதனால் பலருக்கு அந்த நோய் என்றே சொல்லப்பட்டது. கோதுமையை விட்ட பிறகும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மாத்திரை தொடங்கி பல மாதங்கள், ஏன் வருஷங்கள் கழித்துக்கூட இது வரலாம் என்பதால் மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2013 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டு, மருந்தின் லேபிளிலும் அதைச் சேர்க்க வைத்தது.

வழக்கில் என்ன வாதம்?

"ஆபத்தை முன்பே எச்சரித்திருக்க வேண்டும், செய்யவில்லை" என்பதுதான் பாதிக்கப்பட்டவர்களின் முக்கியக் குற்றச்சாட்டு. நிறுவனம் இதை மறுத்தது. வழக்குகள் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. 2017 ஆகஸ்டில் 30 கோடி டாலர் வரை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. சராசரி பார்த்தால் ஒருவருக்கு சுமார் 1.3 லட்சம் டாலர். ஆனால் இது சமரசம்தான், தவறை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

இந்தியாவில்?

ஓல்மெசார்டன் இங்கேயும் பல பிராண்ட் பெயர்களில் கிடைக்கிறது. அட்டையின் பின்பக்கம் மருந்துப் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. இந்தப் பாதிப்பு அரிதானது. பிபி மாத்திரையை நீங்களாகவே நிறுத்தினால் பக்கவாதம், மாரடைப்பு ஆபத்து கூடும். காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் வேறு மருந்து மாற்றித் தருவார்.

எந்த மருந்தின் பக்கவிளைவையும் நோயாளிகளே அரசிடம் நேரடியாகத் தெரிவிக்கலாம். அதற்கான கட்டணமில்லா எண்: 1800-180-3024.